தோட்டத்து வீட்டுக்குத் துப்பாக்கி தேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோட்டத்து வீடுகளில் தனித்து வசிக்கும் முதியவர்களுக்குத் தாராளமாகத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளியான கடிதத்தைப் படித்தேன். அதை எழுதியவரின் அச்சம் எனக்குப் புதிதல்ல. காங்கேயம் வட்டத்தில், ஊரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, கிளுவை வேலிக்குள் இருக்கும் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், நானும் என் மனைவியும் மட்டுமே குடியிருக்கிறோம். எனக்கு வயது 68. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். உரிமத்துக்கான விண்ணப்பத்தை வாங்கி வந்து பாதி எழுதியும் வைத்திருந்தேன். மீதியை எழுதாமல் விட்டது ஏன் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

2024 நவம்பர் 28 இரவு, பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த தம்பதியும், கோவையில் வேலை பார்த்துவந்து அன்று வீட்டுக்கு வந்திருந்த அவர்களுடைய மகனும் கொல்லப்பட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே விளக்கேத்தியில் தனியாக வசித்துவந்த முதிய தம்பதியருக்கும் அதே கதி நேர்ந்தது. அது வெளியே தெரிந்ததே சில நாட்கள் கழித்து, 2025 மே 1 அன்றுதான். அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுக் காற்றாடப் படுக்கும் வழக்கமே நின்றுபோனது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் போதாதென்று இரும்புக் குறுக்குப் பட்டை அடித்தவர்கள் பலர். கேமரா மாட்டாத வீடு குறைவு. துப்பாக்கிப் பேச்சும் அப்போது எழுந்ததுதான், இன்றுவரை ஓயவில்லை.

உரிமம் என்றால் என்ன என்பதை அறியாமலேயே பலர் பேசுகிறார்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் இதற்கு அடிப்படை. விண்ணப்பித்தவரைப் பற்றிக் காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்பார்கள். உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் மருத்துவச் சான்று வேண்டும். ஆயுதத்தைக் கையாளும் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும். வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழியும் எழுதித்தர வேண்டும். எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம் என்பதுகூட உரிமத்தில் குறிக்கப்பட்டிருக்கும். 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும், ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. தற்காப்புக்கென்று சட்டத்தின் 13-ஆம் பிரிவு குறிப்பிட்டுச் சொல்வது 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட நீளத் துப்பாக்கியைத்தான். சினிமாவில் வருவதுபோல அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது.

என் அப்புச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், அப்படி ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. ஆசாரத்து (முன்கூடத்து) சுவரில் இரண்டு ஆணியின் மேல் கிடக்கும். தொட்டால் அடி விழும். அதைக் கொண்டு அவர் எந்தத் திருடனையும் சுட்டதாக நான் கேட்டதில்லை. தேர்தல் வந்தால் அதைச் சாக்கில் சுற்றிக் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிவருவார். இப்போதும் தேர்தல் அறிவித்தவுடன் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி மாவட்ட நிர்வாகம் அறிவிக்கிறது. நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று எண்ணிப் பார்த்தால் ஐந்து ஆண்டில் எத்தனை மாதம் அது வீட்டில் இருக்காது என்று கணக்குப் போடுங்கள். அந்த மாதங்களில் அது இல்லை என்பது நமக்குத் தெரிவதைப் போலவே வேவு பார்ப்பவனுக்கும் தெரியும்.

இனி என் மனத்தை மாற்றிய சங்கதிக்கு வருகிறேன். சென்ற பங்குனியில் ஒரு நாள், இரவு இரண்டு மணி இருக்கும். நாய் விடாமல் குரைத்தது. வழக்கமாகக் கீரியைக் கண்டு குரைக்கும் குரைப்பு அல்ல. ஆளைக் கண்டு குரைப்பது வேறு மாதிரி இருக்கும். பேட்டரி லைட்டை எடுத்துக்கொண்டு, மனைவி தடுத்தும் கேளாமல், பின்கதவைத் திறந்துகொண்டு, மாடு கட்டும் கட்டுத்தரை வரைக்கும் போனேன். தென்னை வரிசைக்குள் ஓர் உருவம் குனிந்து நடந்து வந்தது. கையில் நீளமாக இரும்பு போல ஏதோ இருந்தது. என் தொண்டையில் சத்தம் வரவில்லை. லைட்டை அடித்ததும் அந்த உருவம் கையைக் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு, "மாமா, நான்தானுங்க, கரண்டு வந்துருச்சுங்க, வால்வு திருப்பலாம்னு வந்தேன்" என்றது. பங்காளி வீட்டு மாப்பிள்ளை. கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால் முறைக்காரர் நள்ளிரவில்தான் தண்ணீர் பாய்ச்ச முடியும். அவர் கையில் இருந்தது வால்வு திருப்பும் ஸ்பேனர். அப்போது என் கையில் லைட்டுக்குப் பதிலாக அப்புச்சியின் துப்பாக்கி இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சுட்டிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அன்று என் கை நடுங்கிய நடுக்கம் எனக்குத் தெரியும்.

கொலைகாரர்கள் வரும் விதத்தையும் யோசிக்க வேண்டும். முன்கூட்டியே நோட்டம் பார்த்து, வீட்டில் எத்தனை பேர், யாருக்குக் காது மந்தம், நாய் எங்கே கட்டியிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துகொண்டு, ஆள் அயர்ந்த நேரத்தில், அல்லது சத்தம் கேட்டு நாமே கதவைத் திறந்து வெளியே வரும் நேரத்தில் அடிக்கிறார்கள். சேமலைகவுண்டம்பாளையத்தில் இறந்தவர்களில் ஒருவர் நடுவயது ஆண்மகன் என்பதை மறக்கக் கூடாது. பீரோவுக்குள் பூட்டிவைத்த துப்பாக்கியை எடுத்து, தோட்டாவை வேறோர் இடத்திலிருந்து எடுத்துப் போட்டு, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குறி பார்ப்பதற்கு எதிரி காத்திருக்கப் போவதில்லை. பூட்டாமல் வைத்துக்கொள்ளலாமே என்றால், கோடை விடுமுறைக்கு வரும் பேரப் பிள்ளைகள் நம் வீட்டில் திறக்காத அலமாரி ஒன்றுகூட இல்லை. விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "பீரோ சாவி எங்கன்னு பகல்லயே என்னைத்தான கேக்கறீங்க?"

இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நம்மவர்கள் வாய் திறப்பதில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் ரத்தம் சிந்துவதற்கு வெளியிலிருந்து திருடன் வர வேண்டியதில்லை. வரப்புத் தகராறு, வண்டித்தடத் தகராறு, கிணற்று முறைத் தகராறு என்று பங்காளிகளுக்குள் கடப்பாரையும் அரிவாளும் எடுத்ததை நாம் பார்த்திருக்கிறோம். அரிவாள் எடுத்தவனை நாலு பேர் பிடித்துக்கொள்ளலாம். ஓங்கிய கை இறங்குவதற்குள் ஒரு நொடி கிடைக்கும். துப்பாக்கியில் அந்த ஒரு நொடி இல்லை. தன்னையே மாய்த்துக்கொள்பவர்களின் நிலையும் அப்படித்தான். கோபத்திலும் கடன் சுமையிலும் கை முதலில் போவது பூச்சிமருந்து டப்பாவுக்கு என்பதை அறிந்துதான், மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்குத் தமிழக அரசு சில ஆண்டுகளுக்கு முன்பு தற்காலிகத் தடை விதித்தது. மருந்து குடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைக்கவைத்த குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே இரண்டு உண்டு. துப்பாக்கியை எடுத்தவரைத் தூக்கிக்கொண்டு ஓட நேரம் இருக்காது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று சிலர் தைரியம் சொல்கிறார்கள். ஓரளவு உண்மைதான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றிப் பேசுகின்றன. கொள்ளையிலும், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவதிலும், எதிரியின் உயிர் போகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளலாம் என்று 41-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வேலிக்கு வெளியே இளநீர் திருடிக்கொண்டு ஓடுபவன் முதுகில் சுட்டுவிட்டு 41-ஆம் பிரிவைக் காட்ட முடியாது. தேவைக்கு மேல் போனோமா இல்லையா என்பதை அன்றிரவு நாம் தீர்மானித்தாலும், பிறகு அதைத் தீர்மானிப்பது நீதிமன்றம். எழுபது வயதில் வாய்தாவுக்கு அலைவதற்கு எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கிறது?

உரிமம் கிடைக்காவிட்டால் நாட்டுத் துப்பாக்கி வாங்கிக்கொள்ளலாம் என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கையிலேயே வெடிப்பதும் உண்டு. பிடிபட்டால் குறைந்தது இரண்டு ஆண்டுச் சிறை. அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

துப்பாக்கியே யாருக்கும் கூடாது என்று நான் வாதிடவில்லை. ராணுவத்தில் இருபது ஆண்டு ஆயுதம் சுமந்து ஓய்வு பெற்றவருக்கும், பெயர் சொல்லி மிரட்டல் விடுக்கப்பட்டவருக்கும் நிலைமை வேறு. அவர்களுடைய விண்ணப்பத்தை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடாமல் ஆட்சியர் அலுவலகம் விரைந்து முடிவு சொல்ல வேண்டும். காட்டுப்பன்றிக்குப் பயிரைப் பறிகொடுப்பவரின் சிக்கலும் தனி. அதை இதனுடன் கலக்க வேண்டாம். ஆனால் பயிற்சியோ பார்வையோ இல்லாத என்னைப் போன்ற ஆயிரக்கணக்கான முதியவர்களின் வீட்டில் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்தால், நகையோடு சேர்த்துத் திருடுவதற்கு அதையும் வைத்தது போலத்தான் ஆகும். தோட்டத்தில் காய் போட வருபவரிலிருந்து கோழித்தீவனம் இறக்க வருபவர் வரைக்கும் அது இருப்பது பத்தே நாளில் தெரிந்துவிடும்.

விளக்கேத்தியில் என்னை அதிகம் கலங்கவைத்தது, அந்த வீட்டில் நடந்தது சில நாட்கள் வெளியே தெரியாமல் கிடந்தது என்பதே. நாலு நாள் யாரும் எட்டிப் பார்க்காத வீடுகளாக நம் வீடுகள் ஆகிவிட்டன. அதனால் நான் செய்துகொண்டது இவ்வளவுதான்: கட்டுத்தரை மூலையில் ஆள் நடமாட்டம் கண்டால் தானே எரியும் விளக்கு ஒன்று, பருப்பு டப்பாவுக்குள் இருந்த மனைவியின் பத்துப் பவுனுக்கு வங்கியில் லாக்கர், சுற்றியுள்ள ஆறு சாளைக்காரர்களுக்குள் இரவு எட்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் மாறி மாறி ஒரு மிஸ்டு கால். கால் வராவிட்டால் அடுத்த சாளைக்காரர் நேரில் வர வேண்டும் என்பது ஏற்பாடு. நள்ளிரவில் தண்ணீர் முறைக்கு வருகிறவர் வருவதற்கு முன் போன் அடித்துவிட வேண்டும் என்பதையும் அந்தப் பங்குனி இரவுக்குப் பிறகு சேர்த்துக்கொண்டோம். 112 என்ற அவசர உதவி எண்ணையும் காவல் துறையின் 'காவல் உதவி' செயலியையும் பேத்தி போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். எங்கள் பள்ளத்தில் சிக்னல் கிடைக்கும்போது அவை வேலை செய்யும் என்று நம்புகிறேன்.

அரசிடம் கேட்க வேண்டியது துப்பாக்கி அல்ல, ஆள். கொலைகளுக்குப் பிறகு சில மாதம் இரவு ரோந்து வந்தது. தோட்டத்து வீடுகளில் 'பட்டா புத்தகம்' என்ற ரோந்துக் குறிப்பேட்டை மாட்டி, ரோந்து வரும் காவலர் அதில் நேரம் குறித்துக் கையெழுத்திட்டுச் செல்வார். வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பப் படுத்துக்கொள்வோம். இரண்டு காவலர் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவர்தான் இருக்கிறார் என்று அவர்களே சொல்வதையும் நான் கேட்டிருக்கிறேன். குற்றம் அவர்கள் மீது அல்ல. எங்கள் வீட்டுப் புத்தகம் இப்போதும் வாசல் தூணில்தான் தொங்குகிறது. அதில் கடைசிக் கையெழுத்து விழுந்து ஏழு மாதம் ஆகிறது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
காங்கேயம் வட்டம்