ஆண்டறிக்கை 2024–25: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கும், கட்டாவிட்டாலும் இன்று சாப்பாட்டுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் திரைப்படச் சங்கத்தின் பணிகள் கீழ்வருமாறு. பத்துத் திரையிடல்கள் திட்டமிட்டோம், ஏழு நடந்தன. ஜூலையில் குறும்படங்கள். செப்டம்பரில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, மூத்த உறுப்பினர்கள் விருப்பப்படி. டிசம்பர் முதல் வாரத் திரையிடல் ஃபெஞ்சல் புயல் மழையால் ரத்து. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து, மேலே இருக்கும் உறுப்பினர்கள் இறங்கவே வழியில்லை. பொங்கலை ஒட்டிச் சிறுவர் படம், கூட்டம் நன்று. செயற்குழு ஐந்து முறை கூடியது. அதில் இரண்டு முறை தலைவரும் நானும் மட்டும் இருந்ததால் தேநீரோடு கலைந்தோம்.

இனி, ஆண்டு முழுவதும் கேள்வி கேட்கப்பட்ட அந்தத் திரையிடலுக்கு வருகிறேன். விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் அன்று அரங்கத்தில் இல்லை.

ஜோசப் கோசின்ஸ்கி இயக்கி 2017இல் வந்த ‘ஒன்லி தி பிரேவ்’ படத்தை ஏப்ரல் 14 முதல் 20 வரையான தீத்தொண்டு வாரத்தில் திரையிடுவது என்று முடிவு. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது தீயணைக்கப் போய் உயிர்விட்டவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம். ஆனால் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. அரங்கம் கிடைக்கவில்லை, தேர்தல் முடிந்த பிறகு மாதக் கடைசிக்குத் தள்ளினோம். சேலத்து வெயில் அந்த மாதம் எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மலையிலும் அங்கங்கே காடு எரிந்துகொண்டிருந்த நேரம்.

‘வசூலில் தோற்ற படத்தை ஏன் எடுத்தீர்கள்’ என்று ஒரு கடிதம் வந்தது. தோற்ற படம்தான், மறுக்கவில்லை. தீயணைப்பு வீரர் படம் என்றால் பெரும்பாலும் பற்றி எரியும் கட்டடம், மாடியில் குழந்தை, கதவை உதைக்கும் நாயகன். இது காட்டுத்தீப் படம். அமெரிக்காவின் அரிசோனாவில் பிரெஸ்காட் நகரத் தீயணைப்புத் துறையைச் சேர்ந்த ‘கிரானைட் மவுண்டன்’ குழுவின் உண்மைக் கதை. 2013 ஜூன் 30 அன்று யார்னெல் மலைத்தீயில் அந்தக் குழுவில் 19 பேர் இறந்தார்கள், ஒருவர் பிழைத்தார். சேர்வராயன் மலையடிவாரத்தில் இருந்துகொண்டு பார்க்க இதைவிடப் பொருத்தமான படம் உண்டா என்று நான் அப்போதும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்.

செலவு எங்கே போனது என்பதற்கு வருகிறேன். ‘டிவிடி வாங்கிப் போட்டால் ஆகாதா’ என்பது இரண்டாவது கடிதம். ஆகாது. வீட்டுக்கு வாங்கும் வட்டில் பொது இடத்தில் திரையிடும் உரிமை இல்லை, அதைத் தனியாகப் பெற வேண்டும். அடுத்தது தமிழ் வசன வரிகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள், மூன்று பேர் சேர்ந்து எழுதினோம். ஒரு நேரத்தில் திரையில் இரண்டு வரிக்கு மேல் கூடாது. ஆறு நொடிக்கு மேல் நின்றால் கண் மறுபடி முதலிலிருந்து வாசிக்கப் போய்விடும். தமிழ்ச் சொல் நீளம், ஆகவே வசனத்தில் பாதியை விழுங்கித்தான் எழுத முடியும். முதல் ஒத்திகையில் ‘கொடு’ என்பது ‘ெகாடு’ என்று கொம்பு முன்னே போய் நின்றது. பழைய பிளேயர் மென்பொருள் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாமல் செய்யும் கோளாறு அது. வரிகளைப் படத்தோடேயே பதித்து ஒரே கோப்பாக மாற்றிய பிறகுதான் சரியானது. கணினியில் இரவு முழுக்க ஓடும் வேலை. அதற்கான கட்டணத்தைத்தான் கணக்கில் ‘இதர செலவு’ என்று பார்த்துச் சிலர் புருவம் உயர்த்தினார்கள்.

சொல் தேடுவதும் எளிதாக இல்லை. எரிந்து அடங்கிய நிலத்தை அங்கே ‘பிளாக்’ என்கிறார்கள். எரிய மீதி ஒன்றும் இல்லாததால் அதுதான் மிகப் பாதுகாப்பான இடம். ‘கறுப்புக்குள் போ’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. கடைசியில் ‘எரிந்து முடிந்த இடம்’ என்று வைத்தோம். நீளம்தான், ஆனால் படத்தின் முடிச்சே அந்தச் சொல்லில் இருப்பதால் குறைக்க மனம் வரவில்லை.

அரங்கத்தின் மேல் ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டச் சொல்லியும் இரண்டு விடுபட்டன. பத்தடித் திரைக்கு 3000 லூமென் புரொஜெக்டர் இரவுக் காட்சிக்குப் போதும். பகல் புகைக் காட்சியில் மாலை வெளிச்சம் உள்ளே வந்தால் திரை முழுக்கச் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். முதல் இருபது நிமிடம் அப்படித்தான் ஆனது. மின்சாரம் ஒருமுறை போனது. புரொஜெக்டரை யுபிஎஸ்ஸில் கோத்திருந்ததால் விளக்கு தப்பியது. குளிர்விக்கும் காற்றாடி திடீரென்று நின்றால் சூடான விளக்கின் ஆயுள் குறையும்.

கருத்துச் சீட்டு என் யோசனை, அதற்கான பழியையும் நானே ஏற்கிறேன். போன ஆண்டு வரை ஐந்து நட்சத்திரத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னோம். எல்லாரும் நான்கு போட்டுவிட்டுப் போனார்கள். இம்முறை மூன்றே கேள்வி: எந்தக் காட்சியை நம்பினீர்கள், எதை நம்பவில்லை, எது புரியவில்லை. சீட்டையும் பென்சிலையும் படத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். முடிந்த பிறகு கொடுத்தால் கடைசிப் பேருந்துக்கு ஓடுகிறவர்கள் வாங்க மாட்டார்கள்.

வந்த சீட்டுகளில் பொதுக்குழு அறிய வேண்டியவை இவை.

இளைஞர்கள் பலரின் குறை முதல் பாதி பற்றியது. குடும்பம், சண்டை, பயிற்சி, ஓட்டம் என்றே போகிறது, தீ எப்போது வரும் என்று காத்திருந்தோம் என்கிறார்கள். ஒரு சீட்டில் ஒரே வரி: ‘தீயணைப்புப் படம் என்றீர்கள், தண்ணீரையே காணோம்.’ அரங்கமே சிரித்தது. ஆனால் அதுதான் சரியான கேள்வி. லாரி ஏறாத சரிவில் தண்ணீருக்கு எங்கே போவது? அந்தக் குழு தீயைப் பட்டினி போடுகிறது. முன்னால் அறுவை இயந்திரக்காரர் மரத்தையும் புதரையும் வெட்ட, உடன் போகிறவர் அதை வாரி எரியாத பக்கம் எறிகிறார். பின்னால் வருகிறவர்கள் ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் மண்கொத்தியும் உள்ள கருவியால் ஒன்றரை இரண்டு அடி அகலத்துக்கு வெறும் மண் தெரியச் சுரண்டுகிறார்கள். நம் வனத்துறையின் தீத்தடுப்புக் கோடும் இதே கணக்குத்தான், அகலம்தான் கூடும். ஒரு வேர் அறுபடாமல் கோட்டைத் தாண்டிக் கிடந்தால் போதும். நெருப்பு அதன் வழியே மண்ணுக்கடியில் புகைந்து, மறுநாள் மறுபக்கம் எழுந்து நிற்கும்.

காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருப்பவர் சீட்டின் பின்பக்கத்தையும் நிரப்பியிருந்தார். சரிவில் தீக்குக் கீழே கோடு வெட்டினால் பள்ளமாக வெட்டி, கீழ்ப்பக்கம் மண்ணை வரப்பாக அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் எரிகிற கட்டை உருண்டு கோட்டைத் தாண்டிக் கீழ்க்காட்டில் பற்றவைத்துவிடும், படத்தில் இதைச் சரியாகக் காட்டவில்லை என்பது அவர் குறை. மூங்கில் வெடிக்கும் சத்தம் இல்லாமல் காட்டுத்தீயா என்றும் கேட்டிருக்கிறார். அரிசோனா சப்பரல் புதரில் மூங்கில் கிடையாது, அவர் காதில் நம் மலை கேட்கிறது. உண்ணிச்செடி மண்டிய இடத்தில் தரைத்தீ அதைப் பிடித்து ஏறி சில்வர் ஓக் கிளைக்குப் போய்விடும் என்று அவர் எழுதியதை அடுத்த ஆண்டுக் கையேட்டில் அப்படியே சேர்க்க எண்ணம்.

எதிர்த்தீக் காட்சியைப் பலர் நம்பவில்லை. தீயை அணைக்க வந்தவனே தீ வைப்பானா என்று கேட்கிறார்கள். வைப்பான். டீசல் மூன்று பங்கு, பெட்ரோல் ஒரு பங்கு கலந்து, எரிந்தபடியே சொட்டவிடும் கைவிளக்கால் கோட்டின் ஓரமாகவே, மலையென்றால் மேலிருந்து கீழாக வைத்து வர வேண்டும். வெறும் பெட்ரோல் என்றால் ‘குப்’பென்று எரிந்து அணைந்துவிடும், வைப்பவர் கையும் போகும். பெரிய தீ வருவதற்குள் இடையில் இருக்கும் சருகும் புதரும் எரிந்து தீர்ந்திருக்கும். காற்று மாறினால் வைத்தவர் பக்கமே திரும்பும். அதனால் கோட்டுக்கு மறுபக்கம் பொறி பார்க்க ஆள் நிற்காமல் யாரும் வைக்கக் கூடாது.

தீயணைப்புத் துறையில் பணி முடித்த இரு நண்பர்கள் வந்திருந்தார்கள். இருவரும் பாராட்டியது ஒன்றையே: இந்தப் படம் புகையிலும் கரியிலும் முகத்தை மறைக்கப் பயப்படவில்லை. கட்டடத் தீப் படங்களில் நட்சத்திரத்தின் முகம் தெரிய வேண்டும் என்று முகக்கவசத்தைக் கழற்றிவிடுகிறார்கள், அறையையும் பளிச்சென்று வைக்கிறார்கள். நிஜத்தில் புகைக்குள் தன் கையே தெரியாது, சுவரைத் தடவித் தவழ்ந்துதான் போக வேண்டும். முதுகில் இருக்கும் 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் சுமார் 1800 லிட்டர் காற்று. வேலை செய்யும் ஆளுக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் போகும். காற்று தீரப்போகிறது என்று சிலிண்டர் விசில் அடித்த பிறகு நாயகன் வசனம் பேசிக்கொண்டு நின்றால் திரும்பி வர முடியாது. இதைக் கேட்டபின் இனி எந்தப் படத்தையும் பழையபடி பார்க்க முடியாது என்று ஓர் உறுப்பினர் என்னிடம் வருத்தப்பட்டார்.

எரிந்தபடி ஓடும் கரடி வரும் காட்சி பிடித்தவர்களும் உண்டு, எரிச்சலடைந்தவர்களும் உண்டு. கரடிக் குகை இருக்கும் ஊர்க்காரர்களுக்குக் கரடி பிடிக்காமல் போனது எனக்கு வியப்பு. பெண்கள் எழுதிய சீட்டுகளில் தீ அநேகமாக இல்லை. பிழைத்தவர் யாரென்று தெரியாமல் குடும்பங்கள் பள்ளி அரங்கில் காத்திருக்க, ஒருவர் மட்டும் உள்ளே வரும் காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது. ஒருவர் எழுதியிருந்தார்: ‘வந்தவனைப் பார்த்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை.’

வாக்குவாதம் முற்றியது கடைசிக் காட்சி குறித்துத்தான். எரிந்து முடிந்த இடத்தில் பத்திரமாக நின்றவர்கள் ஏன் இறங்கினார்கள்? படம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லவில்லை, அது படத்தின் குற்றமும் இல்லை. அவர்கள் இறங்கி வந்த அந்த அரை மணி நேரத்தில் அவர்களிடமிருந்து தெளிவான வானொலித் தகவல் கிடைக்கவில்லை, முடிவெடுத்தவர்கள் உயிரோடும் இல்லை. இடிமேகத்திலிருந்து கொட்டிய காற்று தீயின் திசையைத் திருப்பிவிட்டது. மலையில் தீ கீழிருந்து மேலே ஏறும்போது சுடர் முன்னால் இருக்கும் புல்லைக் காயவைத்துக்கொண்டே போகும்; சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பு என்பது காட்டுத்தீக்காரர்களின் கைக்கணக்கு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் நடந்ததைச் சிலர் நினைவுபடுத்தினார்கள். அங்கும் காய்ந்த புல், சரிவு, காற்று.

‘அந்த வெள்ளிப் போர்வை ஏன் காப்பாற்றவில்லை’ என்று கேட்ட சீட்டுகள் நிறைய. தீ சூழ்ந்துவிட்டால் வேறு வழியில்லாமல் வீரர்கள் போர்த்திக்கொண்டு படுப்பது அது. ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள அது அலுமினியத் தகட்டைக் கண்ணாடி இழை, சிலிக்கா துணிகளோடு ஒட்டிச் செய்தது. சுற்றி வரும் அனலைத் திருப்பி அனுப்பும். நேரே சுடர் பட்டால் பசை இளகித் தகடு பிரிந்துவிடும். அதனால்தான் புதர் இல்லாத இடத்தில், முகத்தை மண்ணில் புதைத்துப் படுக்கச் சொல்கிறார்கள். மண்ணை ஒட்டித்தான் கொஞ்சமாவது குளிர்ந்த காற்று இருக்கும்.

சீட்டுகளைத் தொகுத்துத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். இந்த ஊரில் ஒரு படத்துக்கு இப்படி ஒரு பதிவு இதற்குமுன் நம்மிடம் இல்லை. இன்றுவரை அதைக் கேட்டு வாங்கியவர்கள் இரண்டு பேர், அந்தத் தோட்ட மேஸ்திரி ஒருவர்.

வரவு செலவு: பொருளாளர் தனியாகப் படிப்பார். வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல், முந்தைய ஆண்டு இருப்பிலிருந்து சமாளித்தோம், இருப்பு இப்போது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தணிக்கை முடிந்தது, ரசீது இல்லாத சில சில்லறைச் செலவுகள் செயற்குழுவின் ஒப்புதலோடு சேர்க்கப்பட்டன.

சந்தா பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். எனவே ஒன்றே ஒன்று: மேற்படித் திரையிடல் வீண் செலவு என்று எழுதிய நான்கு கடிதங்களில் மூன்று, இரண்டு ஆண்டாகச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுடையவை. அவர்கள் பெயரைப் பலகையில் எழுதும் எண்ணம் இல்லை. பலகை சிறியது.

அரங்கம் தந்தவர்களுக்கும், ஒலி அமைத்தவருக்கும், சுண்டல் தந்த மகளிர் பிரிவுக்கும், வசன வரியில் உடன் உழைத்த இருவருக்கும், மலையிலிருந்து இரவுப் பயணத்தையும் பொருட்படுத்தாமல் வந்த உறுப்பினர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் தீத்தொண்டு வாரத் திரையிடலை ஏற்காட்டிலேயே நடத்தலாம் என்றும், மலையில் தீத்தடுப்புக் காவலர்களாக வேலை பார்ப்பவர்களை முன் வரிசையில் உட்கார வைத்து அவர்கள் கருத்தைக் கேட்கலாம் என்றும் ஒரு யோசனை. அதற்குப் புரொஜெக்டர் விளக்கு மாற்ற வேண்டும், வண்டி வாடகை வேண்டும், இன்னொரு படத்துக்கு உரிமை வாங்க வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் ஒப்படைக்கத் தயார். கோப்புகள் அகர வரிசையில் இருக்கின்றன. யாரும் வராவிட்டால் நானே தொடர்வேன், ஆனால் இருப்பைப் பார்த்தபடி தொடர முடியாது. ரசீதுப் புத்தகம் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. கூகுள் பே அட்டையும் அங்கேயே ஒட்டியிருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்