332 நாள் காலியாகக் கிடந்த நாற்காலி: டெக்சாஸ் ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

ஃபிஃப்த் வார்டு, ஹூஸ்டன்
ஜனவரி 2026

மாண்புமிகு ஆளுநர் கிரெக் அபாட் அவர்களுக்கு,

வணக்கம். வரும் 31-ஆம் தேதி, சனிக்கிழமை, நாங்கள் ஓட்டுப் போடப் போகிறோம். நீங்கள் குறித்துக் கொடுத்த நாள்தான். எங்கள் உறுப்பினர் சில்வெஸ்டர் டர்னர் இறந்தது 2025 மார்ச் 5. காலண்டரை வைத்து எண்ணிப் பார்த்தேன். நடுவில் 332 நாள். அத்தனை நாளும் ஹூஸ்டனின் 18-வது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதிக்கு, ஏழரை லட்சம் பேருக்கு மேல் வாழ்கிற ஒரு நகரத் தொகுதிக்கு, வாஷிங்டனில் ஆள் இல்லை.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். நான் என் மொழியில் எழுதுகிறேன், இந்த ஊரில் குடியுரிமை வாங்கிய எங்கள் ஆட்களும் படிக்கட்டும் என்று. அவர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே ஆளுநர் என்பவர் நம் ஊர் ஆளுநரைப் போல நியமனத்தில் வருபவர் அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். அதனால்தான் இவரிடம் உரிமையோடு கேட்க முடிகிறது.

கேட்பது ஒன்றுதான். காங்கிரஸ் இடம் ஒன்று காலியானால் இத்தனை நாளுக்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டத்தில் ஒரு கெடு எழுதுங்கள். 90 நாளோ 120 நாளோ, எண் உங்கள் விருப்பம். கெடு என்று ஒன்று இருக்கட்டும்.

காரணத்தைப் பெரிய பேச்சாகச் சொல்வதைவிட, பக்கத்து வீட்டு அம்மாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது 80. இதே ஃபிஃப்த் வார்டில் பிறந்து, எங்கள் தொகுதியின் முன்னாள் உறுப்பினர்கள் பார்பரா ஜோர்டனும் மிக்கி லேலண்டும் படித்த அதே ஃபிலிஸ் வீட்லி பள்ளியில் படித்தவர். கணவர் ராணுவத்தில் இருந்தவர். போன கோடையில் இறந்துபோனார். மனைவிக்கு வரவேண்டிய மாதப் பணம் ஒரு மத்திய அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது. திருமணச் சான்றிதழில் ஒரு எழுத்து, இறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து. போன் செய்தால் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்கலாம். அப்புறம் "உங்கள் கோப்பு பரிசீலனையில் இருக்கிறது." நான்கு மாதமாக அதே பதில்.

இந்த மாதிரிச் சிக்கலுக்கு இந்தத் தெருவில் ஒரே மருந்துதான் இருந்தது. "ஷீலாவிடம் சொல்லு." ஷீலா ஜாக்சன் லீ 1995 முதல் 2024 ஜூலையில் இறக்கும்வரை உறுப்பினராக இருந்தவர். சாவு வீடு, பட்டமளிப்பு, தேவாலயம், எங்கே போனாலும் அவர் அங்கே நிற்பார் என்று இங்கே கேலியாகவும் பெருமையாகவும் சொல்வார்கள். அவர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனால் கோப்பு நகரும்.

இப்போதும் அலுவலகம் மூடப்படவில்லை. பிரதிநிதிகள் சபையின் கிளார்க் என்ற உயர் அதிகாரியின் மேற்பார்வையில் ஊழியர்கள் இருக்கிறார்கள். அந்த அம்மாளை நானே வண்டியில் அழைத்துப் போனேன். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் "உறுப்பினர் இதைக் கவனிக்கச் சொல்கிறார்" என்று ஒரு வரி எழுத அவர்களால் முடியாது. உறுப்பினர் என்று ஒருவர் இருந்தால்தானே? கடிதத்தாளின் தலைப்பில் ஆள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தொகுதியின் எண் மட்டும் இருந்தது. அம்மாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். திரும்பி வரும்போது, தன் அப்பா ஓட்டுப் போட ஒன்றே முக்கால் டாலர் ஓட்டுவரி கட்டி ரசீதைப் பைபிளுக்குள் வைத்திருந்த கதையைச் சொன்னார். "அவருக்குக் காசு கொடுத்தாவது ஓட்டு இருந்தது. நான் இலவசமாகப் போட்ட ஓட்டுக்கு ஆள் இல்லை" என்றார். உங்கள் மேல் கோபமாக இருக்கிறாரா என்று கேட்காதீர்கள். அவர் யாரையும் திட்டுவதில்லை. நான்தான் திட்டுகிறேன், அதுவும் மரியாதையாக.

இந்தத் தொகுதியின் வரலாறு உங்களுக்குத் தெரியாததல்ல. 1962-லும் 1964-லும் பார்பரா ஜோர்டன் மாநிலக் கீழவைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். கவுண்டி (மாவட்டம்) முழுவதும் ஒரே தொகுதியாக இருந்தவரை, கறுப்பினத்தவர் நிறைந்த ஃபிஃப்த் வார்டின் ஓட்டு கடலில் கரைத்த பெருங்காயம். நீதிமன்றத் தீர்ப்புகளால் தொகுதிக் கோடுகளைத் திருத்தி வரைந்தார்கள். 1966-ல் அதே பெண், அதே மக்கள், மாநில செனட்டுக்கு வென்றார். அடுத்து 1972-ல் புதிதாக உருவான இந்த 18-வது தொகுதியிலிருந்து காங்கிரசுக்கு. தென்மாநிலங்களிலிருந்து அங்கே போன முதல் கறுப்பினப் பெண். 1974 ஜூலையில் அதிபர் நிக்சன் மீதான பதவிநீக்க விசாரணையில் அவர் பேசியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. போன வருடம் யாராவது அப்படிப் பேச வேண்டியிருந்தால் எங்கள் தொகுதியிலிருந்து யார் பேசியிருப்பார்கள்?

லேலண்ட் 1989 ஆகஸ்ட் 7-ல் எத்தியோப்பியாவில் அகதி முகாமுக்குப் போகும் வழியில் விமான விபத்தில் இறந்தார். இரண்டாம் சுற்றும் முடிந்து கிரெய்க் வாஷிங்டன் வென்றது டிசம்பர் 9-ல். 124 நாள். இன்டர்நெட் இல்லாத காலம், அதையும் கணக்கில் வையுங்கள்.

அவ்வளவு பின்னால் போவானேன்? உங்கள் கையெழுத்தையே எடுத்துக்கொள்வோம். 2018 ஏப்ரல் 6-ல் டெக்சாஸின் 27-வது தொகுதியின் உறுப்பினர் ராஜினாமா செய்தார். ஹார்வி புயல் அடித்த பகுதி, ஆள் இல்லாமல் விடக்கூடாது என்று சொல்லி, வழக்கமான தேதிக்குக் காத்திராமல் அவசரத் தேர்தல் அறிவித்தீர்கள். ஜூன் 30-ல் முடிந்தது. 85 நாள். அது சரியான முடிவு, மனதாரச் சொல்கிறேன். எங்களுக்கும் 2024 ஜூலையில் பெரில் புயல் வந்தது. ஹூஸ்டன் பகுதியில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. எங்களுக்கு மட்டும் ஏன் டர்னர் இறந்து எட்டு மாதம் கழித்து 2025 நவம்பர் 4?

எங்கள் ஹாரிஸ் கவுண்டிக்குத் தேர்தல் நடத்தத் தெரியாது, அவசரப்படுத்தினால் குளறுபடி ஆகும் என்றீர்கள். 2022-ல் சில வாக்குச்சாவடிகளில் தாள் தீர்ந்துபோனது உண்மை, மறைக்கவில்லை. ஆனால் தாள் தீர்ந்தால் தாள் வாங்குவார்கள்; ஊரையே எட்டு மாதம் காக்க வைப்பார்களா?

அரிசோனாவில் காங்கிரஸ் உறுப்பினர் ராவுல் கிரிஹால்வா இறந்தது எங்கள் டர்னருக்கு எட்டு நாள் கழித்து. அங்கே கெடு சட்டத்திலேயே இருக்கிறது. செப்டம்பர் 23-ல் அவர் மகள் வென்றுவிட்டார் (வென்ற பிறகும் நவம்பர் 12 வரை பதவிப் பிரமாணம் செய்து வைக்காமல் இழுத்தடித்தது தனிக் கூத்து). வர்ஜீனியாவில் ஜெரி கானலி இறந்தது மே 21, இடைத்தேர்தல் செப்டம்பர் 9. பின்னால் இறந்தவர்களுக்கெல்லாம் முன்னால் தேர்தல். இந்தியாவிலும் பொதுவாக ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் என்று சட்டம் இருக்கிறது. நாங்கள் குறை சொல்லிக்கொண்டே விட்டுவந்த நாடு அது.

2025 மே 22-ஐ நினைவுபடுத்துகிறேன். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டைக் குறைக்கும் பெரிய மசோதா சபையில் 215-க்கு 214 என்று தேறியது. அன்று ஜனநாயகக் கட்சியின் மூன்று இடங்கள் காலி. எங்களுடையது ஒன்று. ஆள் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் வாதாட வரவில்லை. வேண்டுமென்றால் உங்கள் குடியரசுக் கட்சிக்காரர்கள் இன்னும் ஒருவரைக் கூட்டி வந்திருப்பார்கள். உங்கள் கட்சி உறுப்பினர் ஒருவர் அன்று தூங்கிப்போய் ஓட்டைத் தவறவிட்டாராம். எங்களுக்குத் தூங்குவதற்குக்கூட ஆள் இல்லை.

சரி, ஒருவழியாக நவம்பரில் தேர்தல் வந்தது. 16 பேர் நின்றார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. கிறிஸ்டியன் மெனிஃபீ, அமண்டா எட்வர்ட்ஸ் இருவரும் இரண்டாம் சுற்றுக்கு. அதற்கு மேலும் கிட்டத்தட்ட மூன்று மாதம் தள்ளித் தேதி கொடுத்தீர்கள். இதற்குள் நீங்கள் ஆகஸ்டில் கையெழுத்திட்ட புதிய தொகுதி வரைபடத்தை, கீழ் நீதிமன்றம் நிறுத்தி வைத்தும், டிசம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. ஆக, 31-ஆம் தேதி ஜெயிப்பவர் நாற்காலி சூடேறும் முன் மார்ச் 3-ல் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலுக்கு நிற்க வேண்டும், வேறு கோடுகளுக்குள், பக்கத்துத் தொகுதியின் உறுப்பினர் ஆல் கிரீனை எதிர்த்து. என் வீடு இனி வேறு எண்ணாம். கோடு போடுவது எங்கள் தொகுதிக்குப் புதிதல்ல, 1996-ல் உச்ச நீதிமன்றமே இதன் வரைபடத்தைச் செல்லாது என்று சொல்லி மாற்றச் செய்திருக்கிறது. ஆனால் கோட்டையும் மாற்றி, நாற்காலியையும் காலியாக வைப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். வரைபடத்தைப் பற்றிச் சண்டை போட வேறு ஆட்கள், வேறு நீதிமன்றங்கள் உண்டு. நான் கேட்க வந்தது கெடு.

சட்டமன்றம் அடுத்து கூடுவது 2027-ல் என்று பதில் வரலாம். கோட்டை மாற்றுவதற்காகப் போன கோடையில் சிறப்புக் கூட்டத்தொடரை இரண்டு முறை கூட்டினீர்கள் (வெள்ள நிவாரணமும் பட்டியலில் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்). ஒரு பக்கச் சட்டத்துக்கு மூன்றாவது முறை கூட்டுவது பெரிய காரியமா? ஜனநாயகக் கட்சித் தொகுதிக்கும் உங்கள் கட்சித் தொகுதிக்கும் ஒரே கெடு. நாளைக்கு உங்கள் கட்சிக்காரர் இடம் காலியாகி, இந்த மேசையில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தால், அன்று உங்களுக்கும் இது உதவும்.

தயவுசெய்து கெடுவைச் சட்டத்தில் எழுதுங்கள். பணிவாகத்தான் கேட்கிறேன்.

31-ஆம் தேதி காலை பக்கத்து வீட்டு அம்மாளை வாக்குச்சாவடிக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். இந்தத் தேதியாவது நிச்சயமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். நிச்சயம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
18-வது தொகுதி வாக்காளன்
(இப்போதைக்கு)