31 மீட்டர், எங்கிருந்து?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இரவெல்லாம் மழை. மறுநாள் காலை எங்கள் ரப்பர் தோட்டத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் யாரோ தங்கள் நாளிதழின் ஒரு மூலையைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள்: ‘ஆற்று நீர்மட்டம் 31 மீட்டர்.’ அவ்வளவுதான் செய்தி. ஐந்து நிமிடத்தில் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டினார். கையில் பிறப்புப் பத்திரங்கள் வைத்த பிஸ்கட் டின். “கிராணி ஐயா, 31 மீட்டராம்! தென்னை மரமே முழுகிப் போயிடுமே!”

குடையை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போனேன். முனியாண்டி கோயிலுக்கு ஆற்றிலிருந்து ஒன்பது படி. தண்ணீர் நாலாவது படியில் நின்றது. சூலம் நட்ட மேடையைத் தொட்டால்தான் வீடுகளுக்குள் வரும், இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

தாங்கள் போட்ட எண் பொய்யில்லை. அது ஆற்றின் ஆழம் அல்ல, கடல் மட்டத்திலிருந்து ஆற்று நீரின் மேற்பரப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. தீபகற்ப மலேசியாவில் உயரம் அளக்கச் சுழியம் கிள்ளான் துறைமுகத்தில் இருக்கிறது. 1984 முதல் 1993 வரை பத்தாண்டுகள் அங்கே கடல் ஏறி இறங்கியதைப் பதிவு செய்து எடுத்த சராசரி மட்டம் அது. எங்கள் ஆற்றின் அடிமணலே அதற்கு எவ்வளவோ மேலே கிடக்கிறது. ஆறு வற்றிப் போனாலும் அந்த எண் சுழியத்துக்கு வராது.

எண்பதுகளில் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது நானே ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். வாளியின் எடையை ஒழுங்காகக் கழித்துத்தான் எழுதினேன். தராசைப் பார்க்கவில்லை. வரிசையில் ஏழாவதாக நின்ற பாட்டி சொன்னார்: “ஐயா, ஒண்ணும் மாட்டாமலே முள்ளு சைபருக்குக் கீழே நிக்குது பாருங்க.” அரை கிலோ கீழே! ஆறு பேருக்கும் வாளிக்கு அரை கிலோ பால் போயிருந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்த வாளிக்கும் அந்த வாளிக்கும் உள்ள வித்தியாசம் சரியாகவே இருந்தது. ஆனால் கூலியை வித்தியாசத்துக்கா கொடுக்கிறோம்? ஆறு பேரையும் திரும்பக் கூப்பிட்டுக் கணக்கைத் திருத்தினேன், ஏச்சும் வாங்கினேன்.

ஆற்றுக்கும் அதே கதைதான். நேற்றைக்கு இன்று எவ்வளவு ஏறியது என்பது சுழியத்தை எங்கே வைத்தாலும் மாறாது. எவ்வளவு இருக்கிறது என்று சொன்னால் மட்டும் எங்கிருந்து என்பதையும் சொல்லியாக வேண்டும். (கேமரன் மலையில் 15 டிகிரி, இங்கே 30, அப்படியென்றால் இரண்டு மடங்கு சூடு என்றான் என் பேரன். செல்சியஸின் சுழியம் தண்ணீர் உறையும் இடம். நம் வசதிக்கு வைத்துக்கொண்டது. குளிரின் அடிமட்டம் அதற்கும் கீழே, மைனஸ் 273.15-இல் இருக்கிறது. அங்கிருந்து எண்ணினால் நம்ம ஊர் வெயில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் கூடுதல். அவன் இன்னும் நம்பவில்லை.)

வடிகால் நீர்ப்பாசனத் துறை நிலையத்துக்கு நிலையம் வழக்கமான மட்டம், விழிப்பு மட்டம், எச்சரிக்கை மட்டம், அபாய மட்டம் என்று நான்கு எண்களை வைத்திருக்கிறது. நீர்மட்டச் செய்தி போடும்போது அந்த அபாய மட்டத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். முந்தின நாளைவிட எவ்வளவு ஏறியது, இறங்கியது என்பதையும் சேர்த்துவிட்டால் ஒரு வரிதான் கூடும். ‘கடல் மட்டத்திலிருந்து’ என்ற சொல்லை இடமில்லை என்று வெட்டிவிடாதீர்கள்.

பிஸ்கட் டின் இன்னும் என் வீட்டு அலமாரியின் மேல்தான் இருக்கிறது. மழைக்காலம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்கிறாராம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
தென் பேராக்