'அவுஸ்ட்' என்று வந்தால்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய மொழிபெயர்ப்புப் பக்கங்களைப் படித்தேன். ஏஜென்சியின் ஆங்கிலச் செய்தியில் 'அவுஸ்ட்டட்' (ousted) வந்த இடமெல்லாம் 'வெளியேற்றப்பட்டார்' என்றே போட்டிருக்கிறாய். பாதி இடத்தில் ஒட்டுகிறது. மீதியில் செய்தியே வேறாகிவிடுகிறது.

அந்த வினை வர மூன்று சங்கதி வேண்டும். ஒருவர் ஒரு பதவியையோ இடத்தையோ பிடித்திருக்க வேண்டும். அவர் விருப்பமில்லாமல் போக வேண்டும். இன்னொருவர் அதைச் செய்திருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் ஆங்கிலச் செய்தி பெரும்பாலும் சொல்லாமல் விடும். செயப்பாட்டு வாக்கியமாயிற்றே, 'யாரால்' என்பது காணாமல் போகும். அதைத் தேடி எடுத்துவிட்டால் தமிழ் வினை தானே வந்து நிற்கும்.

2022 ஏப்ரலில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கானுக்கு எதிராக 342 பேர் கொண்ட அவையில் 174 வாக்குகள் விழுந்தன. 'நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பதவி இழந்தார்' என்று எழுது. 2023 அக்டோபர் 3 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 216-க்கு 210 என்று வாக்களித்துத் தன் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியையே இறக்கியது. அங்கே 'பதவி பறிப்பு' சரி. இரண்டு பத்தித் தலைப்பிலும் அடங்கும். 1976 ஜனவரி 31-இல் திமுக அரசுக்கு நடந்ததை ஆங்கிலத்தில் 'டிஸ்மிஸ்' என்பார்கள். அரசியலமைப்பின் 356-ஆவது பிரிவின் கீழ் வந்தது அது. தமிழில் 'கலைப்பு' என்று நிலைத்துவிட்டது, மாற்றாதே. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டது 'எக்ஸ்பெல்'. உறுப்பினராக இருப்பவரைத்தான் அப்படி நீக்க முடியும். குடியிருப்பவரைக் காலி செய்ய வைத்தால் 'எவிக்ட்'. போர் விமானத்திலிருந்து விமானி இருக்கையோடு வெளியே பாய்ந்தால் 'எஜெக்ட்'.

ராஜினாமாவில்தான் சிக்கல். 2022 ஜூலையில் இலங்கை ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச கையெழுத்திட்டது ராஜினாமாக் கடிதம். ஆனால் 9-ஆம் தேதி கூட்டம் மாளிகைக்குள் புகுந்து, 13-ஆம் தேதி அவர் நாட்டைவிட்டே போன பிறகு வந்த கடிதம் அது. அன்றைய செய்தியில் 'ராஜினாமா' என்றும், பிறகு வரும் பின்னணிப் பத்தியில் 'மக்கள் போராட்டத்தால் பதவி இழந்த' என்றும் எழுதலாம். ஒரு கம்பெனித் தலைவர் 'சொந்தக் காரணங்களுக்காக' விலகினால் அந்தத் தைரியம் கூடாது. வலுக்கட்டாயம் என்பது குற்றச்சாட்டு. ஆதாரம் கையில் இல்லையென்றால் 'விலகினார்' போதும்.

இனி இலக்கணம். செயப்படுபொருள் இல்லாமல் இந்த வினை நிற்காது. பின்னால் 'ஃப்ரம்' வரும், 'ஆஸ்' வரும். 'அவுட்' சேர்த்து 'அவுஸ்ட் அவுட்' என்று எழுதினால் ஆங்கில டெஸ்க்கில் சிரிப்பார்கள். 'ஊஸ்ட்' என்றும் உச்சரிக்காதே. 'அவுஸ்டர்' என்பதைப் பார்த்து, இறக்கியவரைச் சொல்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. செய்தியில் அது இறக்கிய செயல்தான்.

நீதிமன்றச் செய்தியில் அதே சொல் வேறு முகம் காட்டும். ஏ.பி.சி. லாமினார்ட் வழக்கில் (1989) ஒப்பந்தத்தில் '(குஜராத்தின்) கைரா நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டது' என்று எழுதியிருந்தது. வழக்குப் போட்டதோ சேலத்தில். 'மட்டும்' என்ற பொருள் தரும் சொல் எதுவும் அதில் இல்லை. அதனால் சேலம் நீதிமன்றத்தின் அதிகாரம் போய்விடவில்லை என்றது உச்ச நீதிமன்றம். இங்கே 'அவுஸ்டர்' என்றால் அதிகார வரம்பை விலக்குதல். 'நீதிமன்றம் வெளியேற்றம்' என்று போட்டால் கேலிக்கூத்து.

பாகப்பிரிவினை வழக்கில் இன்னும் கவனம் வேண்டும். கூட்டுச் சொத்தை அண்ணன் ஒருவரே அனுபவித்து வரியும் கட்டினால் அது மட்டும் 'அவுஸ்டர்' ஆகாது. தங்கைக்குப் பங்கே இல்லை என்று வெளிப்படையாக, அவளுக்குத் தெரியும்படி மறுத்திருக்க வேண்டும். எதிரனுபவத்துக்கான (அடுத்தவர் உரிமையை மறுத்து நீண்டகாலம் அனுபவித்துச் சொத்தைத் தனதாக்குவது) 12 வருடக் கணக்கு அந்த மறுப்பிலிருந்துதான் ஓடும். யாரையும் வீட்டைவிட்டுத் துரத்தியிருக்க வேண்டியதில்லை. 'பங்குரிமை மறுத்து விலக்கல்' என்று எழுது. நீளம்தான், ஆனால் தப்பில்லை.

திருத்திய பக்கங்களைத் தனியாக அனுப்புகிறேன். நாலாம் பக்கத்துச் சொத்து வழக்கை மட்டும் தீர்ப்பின் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடு.

அன்புடன்,
அப்பா