கட்டடம் எழும் முன்பே விதி எழுதப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ந்துவரும் நகரங்களின் மையப் பகுதிகளில் இரண்டு மாடி, மூன்று மாடிப் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு, அதே மனைகளில் முப்பது நாற்பது மாடிக் கட்டடங்கள் எழுவதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘உயரம் வேண்டுமா, வேண்டாமா’ என்பதோடு நின்றுவிடுகிறது. எந்தப் பகுதியில் எவ்வளவு உயரம், அதற்கு ஈடாக நகரத்துக்குக் கிடைப்பது என்ன என்பதை, முதல் விண்ணப்பம் வந்து சேரும் முன்பே எல்லோரும் படிக்கும்படி எழுதி வைத்திருக்கிறோமா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அதைக் கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உயரமான கட்டடங்களை நான் எதிர்க்கவில்லை. ரயிலும் பேருந்தும் வந்து கூடும் மையப் பகுதியில் அதிகம் பேர் வசிக்கவும் வேலை பார்க்கவும் இடம் இருந்தால், விளைநிலங்களையும் ஏரிகளையும் விழுங்கிக்கொண்டு நகரம் வெளியே பரவ வேண்டிய கட்டாயம் குறையும். ஆனால் அந்த உயரத்தின் மதிப்பை மனை உரிமையாளர் மட்டும் உண்டாக்கிவிடவில்லை. சாலையும் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ரயில் நிலையமும் பொதுப் பணத்தில் அமைந்தவை. அவை இருப்பதால்தான் நாற்பதாவது மாடிக்கு விலை கிடைக்கிறது. எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவை, ஒரே கையெழுத்தில் இரண்டிலிருந்து ஐந்தாக உயர்த்தும்போது, ஓர் அங்குல நிலம்கூடக் கைமாறாமல் அந்த மனையின் மதிப்பு பெருகிவிடுகிறது. அந்தப் பெருக்கத்தில் ஊருக்கு என்ன பங்கு என்று கேட்பதை வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பதாகச் சித்திரிப்பது நியாயமில்லை.

விதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க் சாட்சி. 1915-ல் மன்ஹாட்டனின் தென்பகுதியில் கட்டி முடிக்கப்பட்ட ஈக்விட்டபிள் கட்டடம், ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான மனையில், நடைபாதையின் ஓரத்திலிருந்தே செங்குத்தாக எழுந்து நின்றது. அதன் மொத்தத் தளப்பரப்பு சுமார் 12 லட்சம் சதுர அடி. அதாவது மனையின் பரப்பைப் போல ஏறத்தாழ முப்பது மடங்கு. அக்கம்பக்கத்து அறைகள் இருண்டன. வாடகை குறைந்துவிட்டதாக அவற்றின் உரிமையாளர்கள் முறையிட்டார்கள். அந்தக் கட்டடம் கிளப்பிய எதிர்ப்பு உந்தித்தள்ள, 1916-ல் அந்நகரம் தன் மண்டல விதிகளை இயற்றியது. சாலையின் அகலத்தைப் பொறுத்து, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கட்டடம் படிப்படியாக உள்வாங்க வேண்டும். மனையின் கால் பங்குப் பரப்பில் மட்டும் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் எழலாம் என்பது அதன் சாரம். 1930-ல் முடிந்த கிறைஸ்லர் கட்டடமும் 1931-ல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடமும் மேலே போகப்போகக் குறுகிச் செல்லும் அழகில் அந்த விதிக்குப் பெரும் பங்கு உண்டு. உலகின் மிக உயரமான கட்டடங்களை அந்நகரம் இந்த விதிக்கு உட்பட்டே கட்டியது என்பதை, கட்டுப்பாடு என்றாலே முதலீடு ஓடிவிடும் என்று அஞ்சுபவர்கள் கவனிக்க வேண்டும்.

எழுதப்படாத விதியை நம்பியிருந்த நகரங்களும் உண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நகர மன்றக் கோபுரத்தின் உச்சியில் நிற்கும், அந்நகரத்தை நிறுவிய வில்லியம் பென்னின் சிலையைவிட உயரமாக யாரும் கட்டுவதில்லை என்ற வாய்மொழி உடன்பாடு பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தது. சிலையோடு சேர்த்து அந்தக் கோபுரம் 167 மீட்டர். 1987-ல் 288 மீட்டர் உயரத்தில் ஒன் லிபர்ட்டி பிளேஸ் எழுந்ததும் அந்த உடன்பாடு உடைந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே வேறு பல கோபுரங்களும் அந்த உயரத்தைத் தாண்டின. அது நல்லதா கெட்டதா என்பதில் அங்கே இன்றும் இரு கருத்துகள் இருக்கலாம். ஆனால் வெறும் வழக்கத்தை நம்பிய காப்பு, ஒரே ஒரு அனுமதியில் போய்விடுகிறது. லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தை நோக்கிய காட்சிகளைக் காக்கும் ஏற்பாடு 1930-களில் தொடங்கி, இன்று எழுத்திலும் வரைபடத்திலும் இருக்கிறது. எந்தக் கோட்டுக்கு மேலே கட்டக் கூடாது என்பதை, மனை வாங்கும் முன்பே எவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஈடு வாங்குவதிலும் பிழை நேரும். 1961-ல் நியூயார்க் தன் விதிகளைத் திருத்தியபோது, கட்டடத்தின் முன்னால் பொதுமக்களுக்கான முற்றம் விட்டால் கூடுதல் தளப்பரப்பு தருவதாக அறிவித்தது. அடர்த்தி மிகுந்த பகுதிகளில் ஒரு சதுர அடி முற்றத்துக்குப் பத்து சதுர அடி வரை கிடைத்தது. கட்டியவர்களுக்கு அந்தத் தளங்கள் நிரந்தரச் சொத்து. மக்களுக்குக் கிடைத்தவற்றைப் பற்றி 2000-ல் வெளியான ஆய்வு, பரிசீலித்த 503 பொது இடங்களில் 41 விழுக்காடு பெரிதாகப் பயனில்லாதவை என்று கண்டது. பல முற்றங்களில் உட்கார இருக்கை இல்லை. சில பூட்டிக் கிடந்தன. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம் வேறு வழியில் சென்றது. குறிப்பிட்ட மறுமேம்பாட்டுப் பகுதிகளில் கூடுதலாகக் கட்டும் உரிமையைச் சான்றிதழ்களாக்கி 2004 முதல் பகிரங்க ஏலத்தில் விற்று, அந்தப் பணத்தை அதே பகுதியின் பணிகளுக்கே செலவிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. அதிலும் குறை உண்டு: சாலைகளும் பாலமும் முந்திக்கொள்ள, குடிசைவாசிகளுக்கான வீடுகள் பின்தங்கிவிட்டன என்ற விமர்சனம் எழுந்தது. இருந்தாலும் யார் எவ்வளவு கொடுத்து எதைப் பெற்றார்கள் என்பது அங்கே வெளிச்சத்தில் இருக்கிறது. மூடிய அறையில் தனித்தனியாகப் பேசி வழங்கும் விதிவிலக்கைவிட அது எவ்வளவோ மேல்.

தொலைவிலிருந்து தெரியும் உருவத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கட்டடத்தின் அடியில் நடப்பவரை மறந்துவிடுகிறோம். முதல் நான்கைந்து தளங்கள் முழுவதும் கார் நிறுத்துமிடமாக இருக்கும் ஒரு கோபுரத்தின் ஓரமாக நடந்து பாருங்கள்: கடை இல்லை, வாசல் இல்லை, சன்னல் இல்லை, நூறடி நீளத்துக்குக் காற்றுப்போக்கிக் கம்பிகளும் மோட்டார் சத்தமும் மட்டும். மாலை ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் தனியாக நடக்கவே தயக்கமாக இருக்கும். காற்றும் ஒரு கணக்கு. உயரத்தில் வேகமாக வீசும் காற்று அகன்ற சுவரில் மோதிக் கீழிறங்கி, மூலைகளில் திரும்பும்போது சீறுகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 112 மீட்டர் உயரமான பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் கட்டடத்தின் அருகே 2011-ல் அத்தகைய காற்றில் லாரி ஒன்று கவிழ்ந்து, நடந்து சென்றவர் உயிரிழந்தார். அதன் பிறகுதான் சாலைக்கு மேலே காற்றுத் தடுப்புகள் அமைக்கப்பட்டன. சான் ஃபிரான்சிஸ்கோ மக்கள் 1984-ல் வாக்களித்து, 40 அடிக்கு மேற்பட்ட புதிய கட்டடங்கள் பூங்காக்களில் விழுத்தும் நிழலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். வெயில் கொளுத்தும் நாடுகளில் நிழல் வரம்தான். அங்கே கண்ணாடிச் சுவர்கள் எதிரொளிக்கும் வெப்பத்தையும், அடைபடும் காற்றோட்டத்தையும் அளக்க வேண்டும். 2013-ல் லண்டனின் 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடத்தின் உட்குழிந்த கண்ணாடி முகப்பு குவித்த வெயிலில், கீழே நிறுத்தியிருந்த காரின் பாகங்கள் உருகின. குளிர் நாட்டிலேயே அப்படி என்றால் வெப்ப நாடுகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இடிபடும் பழைய கட்டடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் குறைந்த வாடகைக்கு இருக்கும் தையல்காரரும் அச்சகமும் பழுதுபார்க்கும் கடையும் புதிய கட்டடத்தின் வாடகையைத் தாங்க மாட்டார்கள். மறுமேம்பாட்டுத் திட்டங்களில் மனை உரிமையாளருக்குத் தரப்படும் கவனம் இவர்களுக்குத் தரப்படுவதில்லை. பழைய கட்டடத்தைக் காப்பதும் உரிமையாளருக்கு நட்டமாகத்தான் முடிய வேண்டும் என்பதில்லை. 1963-ல் நியூயார்க்கின் பென் ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கிய அதிர்ச்சிக்குப் பின் 1965-ல் அந்நகரம் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கச் சட்டம் இயற்றியது; கிராண்ட் சென்ட்ரல் நிலையம் தொடர்பான வழக்கில் 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பயன்பாட்டை உறுதி செய்தது. அந்நிலையத்தின் மேல் கட்டாமல் விட்ட தளப்பரப்பை அருகிலுள்ள மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தது. 2020-ல் அதன் பக்கத்தில் திறக்கப்பட்ட ஒன் வாண்டர்பில்ட் கோபுரம், கூடுதல் உயரத்துக்கு ஈடாகச் சுமார் 22 கோடி டாலர் செலவில் நிலையத்துக்குப் படிக்கட்டுகளும் நடைவழிகளும் அமைத்துத் தந்தது.

நகர நிர்வாகங்களிடம் நான் கேட்பது இதுதான். மையப் பகுதியின் ஒவ்வொரு தெருவுக்கும் உயர வரம்பையும் தளப்பரப்புக் குறியீட்டையும் காக்க வேண்டிய காட்சிகளையும் வரைபடமாக வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்டு, அதன் பின்னர் விண்ணப்பங்களை வாங்குங்கள். விதிவிலக்கு தருவதானால், அதற்கான காரணத்தையும் பெற்ற ஈட்டையும் கையெழுத்தாகும் முன்பே இணையத்தில் வெளியிடுங்கள். காற்று, வெப்பம், நிழல் பற்றிய ஆய்வுகளைக் கட்டுநரின் செலவில், ஆனால் நிர்வாகம் நியமிக்கும் வல்லுநர்களைக் கொண்டு செய்யுங்கள். வாக்குறுதி அளித்த நடைபாதையும் முற்றமும் வாடகைக்காரர்களுக்கான மாற்று இடமும் பயன்பாட்டுக்கு வந்த பிறகே கட்டட நிறைவுச் சான்றிதழ் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்