மாலபேக்கு வராத ரயில்

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்புள்ள ரவி,

உன் கடிதம் வந்து கனநாள். கோபிக்காதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு மாலபேயில் கம்பஸ் கிடைத்திருக்கிறது, அக்காவிடமும் சொல்லிவிடு.

பதிவு விஷயமாக அவளோடு 177 பஸ்ஸில் போனேன். ராஜகிரியவில் பஸ் அசையவே இல்லை. கண்டக்டர் இறங்கிப் போய் சோடா குடித்துவிட்டு ஆறுதலாக வந்து ஏறினார். அந்த நெரிசலில் நிற்கும்போதுதான் நீ எழுதியது ஞாபகம் வந்தது: வெளிநாட்டுக் கடன்தான் நாட்டைக் கெடுத்தது என்று. மச்சான், எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதே.

அந்தப் பாதையால்தான் மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு இலகு ரயில் ஓடவிருந்தது. 2019 மார்ச்சில் ஜப்பானிய அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவோடு கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. வட்டி 0.1 சதவீதம். 40 வருடத் தவணை, அதில் முதல் 12 வருடம் வட்டி மட்டும். ஜப்பானியப் பொருட்களை வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது, சரி, அவர்களும் தர்மத்துக்குத் தரவில்லை. ஆனால் அதே மார்ச்சில் நம் அரசாங்கம் வெளிநாட்டுச் சந்தையில் பிணைமுறி, அதாவது முதலீட்டாளருக்கு விற்கும் கடன் பத்திரம், விற்று 2.4 பில்லியன் டொலர் எடுத்தது. வட்டி ஐந்து வருடத்துக்கு 6.85, பத்து வருடத்துக்கு 7.85 சதவீதம். அந்தக் காசு எந்தத் திட்டத்துக்கும் கட்டுப்பட்டதல்ல, வரவு செலவுக்குள் கலந்துவிடும்.

2020 செப்டெம்பரில் செலவு கூட என்று ரயில் திட்டத்தை நிறுத்தினார்கள். பிணைமுறிக்காரருக்கு மட்டும் 2022 ஜனவரியிலும் 500 மில்லியன் டொலர் கட்டினோம். ஏப்ரல் 12ஆம் திகதி, இனிக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிவைத்து விடிய விடிய வரிசையில் நின்ற சனத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நடுத்தர வருமான நாடு என்று பெயர் வாங்கியதும் மலிவான கடன் குறையத் தொடங்கியது உண்மை. 2007இல் முதல் பிணைமுறிக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால்தான் சொல்கிறேன், கையில் வந்த மலிவுக் கடனைத் தட்டிவிட்டது பெரும் பாவம். டொலரில் வாங்கினால் டொலரில்தான் கட்ட வேண்டும். அந்த ரயில் டொலர் உழைத்திராது. ஆனால் இந்தப் பாதையில் தினமும் எரிகிற பெற்றோலில் ஒரு பங்கையாவது மிச்சம் பிடித்திருக்கும்.

2024 டிசம்பரில் பழைய பிணைமுறிகளுக்குப் பதில் புதியவற்றை மாற்றிக்கொடுத்து அவகாசம் வாங்கினோம். 2028இலிருந்து தவணைகள் கூடும். அப்போது மறுபடியும் சந்தைக்கே ஓடுவார்களோ என்பதுதான் என் பயம்.

நீ வங்கியில் இருந்தவன். இதில் நான் பார்க்காத பக்கம் ஏதும் இருந்தால் விரிவாக எழுது. அப்புறம், மாமியின் கண் ஒப்பரேஷன் எப்போது?

அன்புடன்,
சிவா