மோட்டார் சைக்கிளின் ரகத்தைச் சி.சி. மட்டும் சொல்லிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதன்முறையாக மோட்டார் சைக்கிள் வாங்குவோருக்கு வழிகாட்டும் விதமாகத் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையில், 150 சி.சி. வரை இலகு ரகம், 350 சி.சி. வரை நடுத்தர ரகம், அதற்கு மேற்பட்டவை கனரகம் என்று பிரித்திருந்தார்கள். சட்டென்று மனத்தில் பதியும் பிரிவுதான். ஆனாலும், படிப்பை முடித்துப் பெங்களூருவுக்கு வேலைக்கு வந்து, முதல் சில மாதச் சம்பளத்திலேயே தவணையில் வண்டி எடுக்கும் நம் பிள்ளைகள் அதை நம்பி ஷோரூமுக்குப் போனால், தமக்குப் பொருந்தாத வண்டியோடு திரும்ப நேரும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சி.சி. என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் போய்வரும் இடத்தின் கொள்ளளவு. வண்டியின் எடையையோ எஞ்சினின் திறனையோ அது தானாகச் சொல்லிவிடாது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டிக்கு 349 சி.சி., ஏறத்தாழ 20 குதிரைத்திறன், 195 கிலோ எடை. கே.டி.எம். 390 டியூக்கின் 399 சி.சி. வடிவத்துக்கு ஏறத்தாழ 45 குதிரைத்திறன், 168 கிலோ எடை. கட்டுரையின் கணக்கில் முதலாவது நடுத்தரம், இரண்டாவது கனரகம். நிறுத்துப் பார்த்தாலோ கனரகம் என்று சொல்லப்படுவது 27 கிலோ குறைவு. திறனில் இரு மடங்குக்கும் மேல். ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு குதிரைத்திறன் என்று வகுத்தால் கிளாசிக்குக்கு 0.10 வருகிறது. 112 கிலோ எடையும் 8 குதிரைத்திறனும் கொண்ட ஸ்பிளெண்டருக்கு 0.07; டியூக்குக்கோ 0.27. ஆக்சிலேட்டரைத் திருகினால் கிடைக்கும் பாய்ச்சலில், புல்லட் குடும்பத்து வண்டி டியூக்கைவிட ஸ்பிளெண்டருக்கே நெருங்கிய சொந்தம்.

நகரத்துக்குள் ஓட்டுபவருக்கு எடை வேறு விதமாகத் தெரியவரும். பெங்களூருவின் மடிவாளா, பி.டி.எம். லேஅவுட் பக்கத்து விடுதிகளின் கீழ்த்தளங்களில் வண்டிகளை ஒன்றையொன்று உரசும்படி நிறுத்தியிருப்பார்கள். வெளியே வரும் வழியோ சரிவாக இருக்கும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் 195 கிலோ வண்டியை நிமிர்த்தி, ஹேண்டிலை ஒடித்து, உட்கார்ந்தபடியே கால் நுனியால் பின்னுக்குத் தள்ளுகிறவருக்கு அது எத்தனை சி.சி. என்பது ஒரு பொருட்டே அல்ல. இருக்கை எத்தனை உயரம், பாதம் முழுதாகத் தரையில் ஊன்றுகிறதா, வண்டி சாயத் தொடங்கினால் இடுப்பு தாங்குமா என்பவைதான் அங்கே கேள்வி. ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்ட வண்டியைக் கை பலத்தால் மீட்க முடியாது. சைலன்சர் பக்கமாக விழுந்தால் கணுக்காலில் சூடுபடும். சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து செல்லும் நெரிசலிலும் இதே கதைதான். ஒல்லியான உடல்வாகு கொண்ட இளைஞரும் இளம்பெண்ணும் இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியம்.

இந்த ரகப் பிரிவு எங்கும் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததும் இல்லை. 1949-இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயப் போட்டிகள் தொடங்கியபோது 125, 250, 350, 500 என்று வகுத்தார்கள், 500 சி.சி.தான் உச்சம். ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளிலோ 601 சி.சி. முதல்தான் கனரகம். ஜப்பானில் 400 சி.சி.யைத் தாண்டினால் பெரிய வண்டிக்கான தனி உரிமம் வேண்டும். நம் ஊரில் யெஸ்டி 250-ஐப் பெரிய வண்டி என்று பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. எனவே 350-க்கு மேல் கனரகம் என்பது இயற்கை வகுத்த எல்லை அல்ல.

என் பார்வையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உரிம முறையே இவற்றுள் நேர்மையானது. அங்கே முதல் படி உரிமத்தில் 125 சி.சி.க்கும் 11 கிலோவாட்டுக்கும் (ஒரு கிலோவாட் என்பது ஏறத்தாழ 1.34 குதிரைத்திறன்) மிகாத வண்டி மட்டுமே. அடுத்த படியில் சி.சி. வரம்பே கிடையாது, 35 கிலோவாட் என்ற திறன் வரம்பு உண்டு. இரண்டு படிகளிலும் எடைக்கு ஏற்ற திறன் எவ்வளவு இருக்கலாம் என்றும் வரையறுத்திருக்கிறார்கள். 648 சி.சி. கொண்ட ராயல் என்ஃபீல்டு இண்டர்செப்டர் 650 சுமார் 47 குதிரைத்திறனோடு அந்த 35 கிலோவாட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

நம் நாட்டிலோ லாரிக்கும் காருக்கும் எடையைப் பார்க்கிற சட்டம் மோட்டார் சைக்கிளுக்கு அதைப் பார்ப்பதில்லை. 7,500 கிலோ வரை இலகுரக வாகனம் என்று வரையறுக்கும் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஸ்பிளெண்டரில் எட்டு போட்டுக் காட்டி கியர் வண்டிக்கு உரிமம் வாங்கிய 18 வயதுப் பையன், மறுநாளே 266 கிலோ எடையும் 1,340 சி.சி.யும் கொண்ட சுசூக்கி ஹயபூசாவைச் சாலையில் ஓட்டலாம். இது எனக்குப் பெருங்கவலை தருகிறது.

மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 75, 150, 350 என்ற சி.சி. படிகளில் ஏறுகிறது. 150-க்கு மேல் 350 வரை 1,366 ரூபாய். தாண்டினால் 2,804 ரூபாய் என்று 2022-இல் நிர்ணயித்தார்கள். ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் 350 வரை 18 விழுக்காடு, அதற்கு மேல் 40 விழுக்காடு. வரிக்கு ஏதோ ஓர் இடத்தில் கோடு போட்டாக வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் வரிக்காகப் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் புதியவர் கையாளத் தக்கது, மேலே இருப்பதெல்லாம் ஆபத்தானது என்று ஷோரூம்களில் பேசத் தொடங்கியிருப்பது சரியல்ல. இந்தப் பெங்களூருவில் உருவான அல்ட்ராவயலட் எஃப்77 மின்சார பைக்கின் எடை இருநூறு கிலோவை ஒட்டி வருகிறது, அதற்குச் சி.சி. என்பதே கிடையாது. காப்பீட்டில் மின்சார வண்டிகளுக்கு ஏற்கெனவே கிலோவாட் கணக்குதான். பெட்ரோல் வண்டிகளுக்கும் அதையே கொண்டுவரலாம்.

எடையைக் குறிப்பிடும்போதும் ஒரு கவனம் தேவை. சில விளம்பரங்களில் பெட்ரோலும் ஆயிலும் இல்லாத வெற்று எடையை அச்சிடுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ என்பதால், 13 லிட்டர் டேங்க் நிரம்பினாலே பத்துக் கிலோ கூடும். அதுவும் வண்டியின் மேல்பாகத்தில் ஏறும் எடை என்பதால் சாயும்போது கூடுதலாக இழுக்கும். ஆகவே, எல்லாம் நிரப்பிய எடை, குதிரைத்திறன், இருக்கையின் உயரம் ஆகிய மூன்றையும் சி.சி.க்கு அருகிலேயே தங்கள் வாகனப் பக்கப் பட்டியலில் இனி வெளியிட வேண்டும் என்றும், இலகு, நடுத்தர, கன ரகங்களைப் பிரித்துக் காட்டும்போது எந்த அளவுகோலின்படி பிரிக்கப்பட்டது என்பதைப் பட்டியலின் தலைப்பிலேயே தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு